குளிர் கேட்டு ஏந்திய கை

சென்ற ஜனவரியில், ரஜப் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், என் மகளும் பிறந்து இன்னும் நாற்பது நாள் கழியாத அவள் குழந்தையும் நான் மூட்டிய நெருப்பால் என் வீட்டுக்குள்ளேயே இறந்துபோயிருப்பார்கள். இறைவன் காப்பாற்றினான். காப்பாற்றியதைச் சொல்ல வேண்டும் என்றால், அவனிடம் நான் அதற்கு முன்பு எதைக் கேட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு வருடமாக வாய் வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம். சகோதரர்களே, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் அதிராம்பட்டினம். குவைத்தில் ஃபர்வானியாவில் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக்கல் சாமான் கடை. கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடத்தில் நான்காம் மாடியில் நானும் என் மனைவி ரஹ்மத்தும் குடியிருக்கிறோம். மருமகனுக்குச் சவூதியில் யான்புவில் ரிஃபைனரி வேலை. அவருக்கு லீவ் கிடைக்கவில்லை என்று மகள் நஸ்ரின் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். டிசம்பர் கடைசியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை.

நாள், கிழமை, காற்று, மழை எல்லாவற்றையும் குறித்து வைப்பது எனக்கு இளமையிலிருந்து பழக்கம். வளைகுடாவின் பருவங்களைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்திருக்கிறேன். டிசம்பரில் தொடங்கும் கடுங்குளிர்க் காலத்தை இங்குள்ள அரபிகள் மர்பஆனிய்யா என்பார்கள். அது எந்த வருடம் எப்போது இறங்கியது என்று கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். நானும் சொல்வேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையில்தான் சென்ற அக்டோபரில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஹீட்டர் எடுத்தேன். என் கணக்குப்படி குளிர் முன்கூட்டியே வரவேண்டும்.

வரவில்லை. டிசம்பரிலும் பகலில் வியர்வையில் சட்டை நனைந்தது. பக்கத்து அலுவலகத்தில் ஏசி ஓடியது. கடையில் ஹீட்டர் பெட்டிகள் கூரை வரை நின்றன. இடம் போதாமல் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் அடுக்கினேன்.

"மச்சான், இதுல தோச சுட முடியுமா பாருங்க. கேஸாவது மிச்சமாவும்" என்றாள் ரஹ்மத்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் கையேந்தி துஆ கேட்கத் தொடங்கினேன். "யா அல்லாஹ், குளிரைக் கொடு. நன்றாகக் கொடு." மகளுக்குச் சுகப்பிரசவம் வேண்டும் என்று கேட்ட அதே கையால், அதே மூச்சில் கேட்டேன். இந்த நாட்டில் எத்தனை பேர் சன்னல் சரியில்லாத கேம்ப்பில் படுக்கிறார்கள், எத்தனை பேர் விடியுமுன் திறந்த வண்டியில் சைட்டுக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

ஜனவரி நடுவில் வானம் கறுத்தது. இரண்டு நாள் இடியும் மழையும். சில இடங்களில் ஆலங்கட்டி விழுந்தது. மழை விட்டதும் வடகாற்று இறங்கியது. காதைப் பிய்க்கிற குளிர். கடையில் நிற்க இடமில்லை. எங்கள் கட்டடத்திலேயே வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று வாங்கிப் போனார்கள். தரைத்தளத்தில் ஆறு பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் கட்டட சைட்டில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற வேலை. அவர்களில் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் செல்வம் வந்து இரண்டு ஹீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"ஏன் பாய், நம்ம பில்டிங் வயரு இதெல்லாம் தாங்குமா?"

"கல்லு மாதிரி தாங்கும். எடுத்துக்கிட்டுப் போங்க."

தாங்குமா என்று எனக்கு எப்படித் தெரியும்? விற்க வேண்டும். சொன்னேன். அன்று இரவு கடையடைத்து வந்து நன்றி சொல்லி இரண்டு ரக்அத் தொழுதேன். அந்தத் தொழுகையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

புதன்கிழமை உச்சிவேளையில் கீழே ஏதோ வெடித்த சத்தம் கேட்டது. மொத்தக் கட்டடமும் அணைந்தது. நிலத்தடியில் இருந்த மின்சார அறைக்குள் மழைத் தண்ணீர் ஏறியிருந்தது. மேலே எல்லா வீட்டிலும் ஹீட்டர். கேபிள் கருகிவிட்டது. வாட்ச்மேன் படிப்படியாக ஏறி ஒவ்வொரு கதவிலும் "கஹ்ரபா மாஃபி, கரண்ட் இல்ல" என்று சொல்லிக்கொண்டு போனார். தண்ணீரை இறைத்து, கேபிளை மாற்றித்தான் தர முடியும் என்று வந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பாசியாவில் இருக்கும் நண்பர் வரச் சொன்னார். ஆனால் பாலங்களுக்கு அடியில் கார் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. லிஃப்டும் இல்லை. தையல் ஆறாத மகளை நான்கு மாடி இறக்கக் கூடாது என்றாள் ரஹ்மத். ஒரு இரவை எல்லாப் போர்வையையும் போர்த்திக் கழித்தோம். ஹாலில் விற்காத ஹீட்டர் மூன்று நின்றன. குழந்தையின் உள்ளங்கால் எங்கள் கைக்குள் சில்லென்று இருந்தது. நான் கேட்ட குளிர் என் பேத்தியின் காலில் இருந்தது.

வியாழன் மாலை, அஸர் தொழுத பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. கடற்கரைக்குப் போனால் கறி சுடுவதற்கு ஒரு தகர அடுப்பும் அரை மூட்டைக் கரியும் பால்கனியில் கிடந்தன. அடுக்களையில் கரியைப் பற்றவைத்து, புகை அடங்கிச் சிவந்ததும் மகள் படுத்திருந்த அறையின் மூலையில் வைத்தேன். காற்று வராமல் இருக்க, கடையில் பெட்டி ஒட்டும் டேப்பை எடுத்து சன்னலின் நான்கு ஓரத்தையும் ஒட்டினேன். ஓரிடத்தில் கோணலாக வந்தது. பிரித்து மறுபடி நேராக ஒட்டினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. வெளியே வந்ததும் கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தேன்.

மூடிய அறையில் கரி எரித்துச் செத்தவர்களைப் பற்றிக் குளிர்காலம்தோறும் பத்திரிகையில் வரும். டிரைவர்கள், தோட்டக்காரர்கள், வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். நானே படித்து, "பாவம், விவரம் தெரியாதவர்கள்" என்று சொல்லியிருக்கிறேன். அது எனக்கும் நடக்கக்கூடியது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லுமுன் கதவைத் திறந்து பார்த்தேன். அறை இதமாக இருந்தது.

"வாப்பா, தூக்கம் தூக்கமா வருது. தல வேற கனக்குது" என்றாள் நஸ்ரின்.

"பால் கொடுக்குற அசதிம்மா. படு" என்று சொல்லிவிட்டு, துண்டை மறுபடியும் சரியாகத் திணித்தேன்.

ஹாலில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தொழுதேன். முடித்துக் கையேந்தியபோது எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ நாளாகக் குளிர் கேட்டு ஏந்திய கை அது. "யா அல்லாஹ், நான் கேட்டதற்காக இந்தப் பிள்ளையைப் பிடித்துவிடாதே. யாரையாவது அனுப்பு. எங்களைக் கைவிட்டுவிடாதே" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

அப்போது வாசல் கதவு அதிர்ந்தது.

"பாய்! உள்ளதான இருக்கீங்க? தொறங்க பாய்!"

செல்வத்தின் குரல். எதற்கு வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. நான் எழவில்லை. ஏந்திய கையை இறக்காமல் துஆவை நீட்டினேன். ஆம், நீட்டினேன். உதடு அசைந்தது, மனம் வாசலில் இருந்தது. அந்த மனிதர் சலித்துப்போய்த் திரும்பட்டும் என்று இறைவன் முன்னால் உட்கார்ந்து நடித்தேன். யாரையாவது அனுப்பு என்று கேட்டு வாய் மூடவில்லை.

ரஹ்மத் போய்த் திறந்தாள். "அவங்க தொழுவுறாங்க தம்பி."

"தொழுவட்டும்கா. நான் நிக்கிறேன். ஆனா நாக்கப் புடுங்குற மாரி நாலு கேக்காம போவ மாட்டேன்."

எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் குரல் மாடிப்படி முழுக்க ஒலித்தது.

"கல்லு மாதிரி தாங்கும்னீங்களே, கல்லு மாதிரி கெடக்குது பாருங்க பில்டிங்கு! வீட்டுக்கு ரெண்டு ரெண்டா ஏத்தி விட்டா வயரு என்னா பண்ணும்? எங்க ரூமுல தண்ணி பாய், தண்ணி! ஆறு பேரு நனஞ்ச போர்வையோட குந்திக்கிட்டு இருக்கோம். உங்க ஹீட்டர கட்டிப் புடிச்சுக்கிட்டு!"

கையில் கொண்டுவந்திருந்த ஹீட்டரைத் தரையில் டங்கென்று வைத்தார். அது சாய்ந்து, அடுக்கி வைத்திருந்த மூன்றில் மோதி எல்லாம் சரிந்தன. அப்படி ஒரு சத்தம். சரிந்ததை நிமிர்த்தக் குனிந்தேன்.

ரஹ்மத் என் கையைப் பிடித்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"மச்சான், புள்ள அழுவலையே."

கரண்டி கீழே விழுந்தால் திடுக்கிட்டு வீறிடும் குழந்தை அது. இத்தனை கத்தலுக்கும், இத்தனை தகரச் சத்தத்துக்கும் அந்த அறையிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். நஸ்ரின் எழப் பார்த்து முடியாமல் கட்டிலின் ஓரத்தில் தலை தொங்கக் கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். குழந்தையைத் தூக்கினேன். முகம் சிவந்திருந்தது, கையும் காலும் துணிபோல் தொங்கின. செல்வம் அறை வாசலில் நின்றுவிட்டார். பெண்கள் இருக்கிற அறை என்று அந்த நேரத்திலும் தயங்கினார்.

"உள்ள வாங்க! சன்னலத் தொறங்க!" என்று கத்தினேன்.

சன்னல் திறக்கவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன். அவர் நகத்தால் பிறாண்டிப் பார்த்தார். பிறகு தன் ஜாக்கெட்டைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணாடியைக் குத்தி உடைத்தார். அந்தச் சபிக்கப்பட்ட குளிர் காற்று உள்ளே வந்தது. வாரக்கணக்கில் நான் கெஞ்சிக் கேட்ட காற்று. என் பேத்தியை அதற்கு நேராகப் பிடித்தேன். "மூச்சு விடும்மா, மூச்சு விடும்மா" என்று ரஹ்மத் கதறினாள். குழந்தையின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது.

செல்வம் படியில் நின்று குரல் கொடுத்தார். அவர் ரூம்காரர்கள் ஏறி வந்தார்கள். போர்வையில் வைத்து நஸ்ரினை நான்கு மாடியும் இறக்கினார்கள். ஒருவர் கம்பெனி பிக்அப்பைக் கொண்டுவந்தார். தண்ணீரில் சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் எகிப்துக்காரர். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கரியை உள்ளே வைத்தது யார் என்பதை மட்டும் ஒரே சொல்லில் கேட்டார். "மீன்?" யார்?

நானும் ஒரே சொல்லில் சொன்னேன். "அனா." நான்தான்.

வெள்ளிக்கிழமை விடியலில் ஃபஜர் தொழுதுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. கோபமான, பசியான, முழு அழுகை. நான் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டேன். செல்வம் இரவெல்லாம் எங்கேயும் போகாமல், வெட்டுப்பட்ட கையில் கட்டோடு எதிர் பெஞ்சில் இருந்தார்.

"அழுவுறீங்களா பாய்? நல்ல சேதிதான?" என்றார். பிறகு மெதுவாக, "ஹீட்டரு கணக்க அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

மகளும் பேத்தியும் நலமாக வீடு திரும்பினார்கள். கட்டடத்துக்குக் கரண்ட் வந்தது. ஆனால் நான் குளிர் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. ரஹ்மத்திடம்கூட. மார்ச்சில், வெயில் ஏறிய பிறகு, ஒரு நாள் செல்வத்தைக் கடைக்கு அழைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அடப் பாவமே. நாங்க ஆறு பேரும் குளிரு வேணாம், மழ வேணாம்னு பழனி முருகனக் கும்பிட்டுக்கிட்டு இருந்தோம் பாய். நீங்க அங்கிட்டு நின்னு இழுத்திருக்கீங்க. மேல இருக்கவரு யாரு பேச்சத்தான் கேப்பாரு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

என் துஆவால்தான் குளிர் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு கடைக்காரன் கேட்டதற்காகப் பருவம் மாறாது. ஆனால் கேட்டது கேட்டதுதான். மற்றவர்களின் நடுக்கத்தை எனக்கு வியாபாரமாகத் தா என்று கேட்டேன். அதன் பிறகும் என் இரண்டாவது துஆவை அவன் தள்ளவில்லை. நான் கை இறக்குமுன்பே ஆளை அனுப்பினான். அந்த ஆளுக்கு முகம் கொடுக்காமல் இருக்கத்தான் நான் தொழுகை விரிப்பில் ஒளிந்துகொண்டேன்.

இந்த வருடம் ஹீட்டர் குறைவாகத்தான் எடுத்திருக்கிறேன். வாங்குகிறவர்களிடம் எந்த வீடு, எத்தனை ஹீட்டர் என்று கேட்கிறேன். பழைய கட்டடம் என்றால் இரண்டாவதைக் கொடுப்பதில்லை. சென்ற வாரம் மொத்த வியாபாரி ஒருவர், "பாய், நீங்க நாள் தவறாமத் தொழுவுற ஆளு. குளிரு நல்லா வரணும்னு துஆ செய்யுங்க" என்றார். "நாம பொழைக்கணும்னு கேக்குறேன். குளிரக் கேக்க மாட்டேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சகோதரர்களே, உங்கள் நெருக்கடி எதுவாக இருந்தாலும் அவனிடம் கேளுங்கள். எவ்வளவு கேவலமான நிலையில் இருந்தாலும் கேளுங்கள். என்னைவிடக் கேவலமாக யாரும் அவன் முன் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். எனக்கே கொடுத்தான். குளிர் எவ்வளவு இருந்தாலும் கரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால், அது உங்களைத் திட்ட வந்த ஆளாக இருந்தாலும், எழுந்து போய்த் திறந்துவிடுங்கள்.

பேத்தி இப்போது நடக்கிறாள். கீழே செல்வத்தின் குரல் கேட்டால் போதும், வாசலுக்குத் தத்தித் தத்திப் போய் உள்ளங்கையால் கதவைத் தட்டுகிறாள். நான்தான் போய்த் திறக்கிறேன்.