கடிக்கிற பைப்பு

கைபேசி அடித்து ஓய்கிறது. ஈவாஞ்சலின் டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு, தேனீயைப் பற்றி ஒரு பிள்ளை சொல்லும் நீண்ட புகாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வாசலில் யார் வந்து நின்றாலும், "செத்த பொறுங்க, பேசிக்கிட்டிருக்கோம்" என்பதுதான் பதில்.

சொந்த ஊர் நாசரேத். மாப்பிள்ளையூரணியில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை. அப்பா பிடித்த மீன் கட்டிலைவிட நீளம் என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஒங்க வீட்டுக் கட்டிலா, எங்க வீட்டுக் கட்டிலா?" என்று உண்மையான கவலையோடு கேட்பார். இப்படிக் கேட்டுக் கேட்டே மாலை மினி பஸ்ஸை அடிக்கடி விட்டுவிடுவார்.

சென்ற மாதம் ஒரு மதியம், சாப்பாட்டுக்கு முன் கை கழுவ மாட்டேன் என்று நின்றுவிட்டாள் எல்கேஜி அனுசியா.

"பைப்பு கடிக்கி, டீச்சர்."

ஆயா தேவகனி சிரித்துவிட்டார். "பைப்பு எங்கனளா கடிக்கும்? கை கழுவ மடி, அதான் கத விடுதா." ரப்பர் செருப்புக் காலோடு போய்த் திறந்தும் காட்டினார். கடிக்கவில்லை.

டீச்சர் குனிந்தார். "எப்படிக் கடிக்கி, மக்கா?"

அனுசியா வெகுநேரம் யோசித்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. "எறும்பு மாதிரி இல்ல... டுர்ர்ர்னு." உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை விரலை ஓட்டினாள்.

"எப்பவுமா?"

"மோட்டாரு கத்தும்போது மட்டும்."

டீச்சர் துள்ளி எழுந்தார். "தேவகனியக்கா, மோட்டார நிறுத்துங்க! ஒருத்தரும் பைப்புகிட்ட போகக்கூடாது!"

எலக்ட்ரீஷியன் நேசக்குமார் வந்து, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார். குழாயில் டெஸ்டரை வைத்ததும் விளக்கு எரிந்தது. உப்புக்காற்றில் மேல்தோல் போன ஒயர் இரும்புக் குழாயில் ஒட்டிக் கிடந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகளின் காலில் ஷூ. அனுசியாவுக்கு மட்டும் ஷூவைக் கழற்றி எறிந்தால்தான் நிம்மதி.

"வெறுங்காலு, ஈரத் தர வேற..." என்றார் நேசக்குமார். தேவகனி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டார். அன்று முழுக்க இறக்கிவிடவேயில்லை.

மறுநாள் தாளாளர் கிருபாநிதி நன்றி சொல்ல வகுப்புக்கே வந்தார். "நல்லவேள, நீங்க கண்டுபிடிச்சீங்க டீச்சர்."

"நான் எங்கன சார் கண்டுபிடிச்சேன்? இவள்லா சொன்னா."

டீச்சர் அனுசியாவுக்கு எதிரே குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். தாளாளர் முழங்காலை மடக்கி ஒருவழியாக அதில் உட்கார்ந்தார். அனுசியா பைப்பை மறந்தே போயிருந்தாள். வீட்டுப் பூனை துணிக்கூடையில் குட்டி போட்ட கதையை ஆரம்பித்தாள். அது முடிகிற வழியாக இல்லை. தாளாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாய் திறந்தார்.

ஈவாஞ்சலின் டீச்சர் அவரைப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தார்.