அணையாத அடுப்போடு குவீன்ஸ்டவுனுக்கு

சொந்தமாக லாரி வாங்கும்வரை எனக்கு ஒரு முதலாளி இருந்தார். எங்கே போக வேண்டும், எதை ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் பாடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் ஒரு பழைய லாரியை வாங்கி என் பெயருக்கு மாற்றிய பிறகுதான், ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, சரக்கு எங்கே கிடைக்கும் என்றும் தெரிய வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

எல்லோரும் போகிற இடத்துக்கே நானும் போனேன். தஞ்சோங் பகார் துறைமுக வாசலில் விடிந்ததுமே லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். கம்பெனி லாரிகள் நேரே உள்ளே போய்விடும். எங்களைப் போன்ற தனி ஆட்களுக்கு மிச்சம் மீதி இருந்தால் உண்டு. பெரும்பாலும் இருக்காது.

"இங்க நின்னாத்தான் என்னைக்காவது கிடைக்கும் லா," என்பார் எனக்கு முன்னால் நிற்கும் டிரைவர். அவரும் நின்றுகொண்டேதான் இருந்தார்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மாடி அறையில் நாங்கள் குடியிருந்தோம். தினமும் காலி லாரியோடு திரும்புவதைப் பார்த்துச் சலித்துப்போன என் மனைவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் கேரியரில் இட்லியை அடுக்கிக்கொண்டு வந்து லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க போறோம்?" என்றேன்.

"சரக்கு எங்க இருக்குன்னு பாக்கத்தான். நீங்க ஓட்டுங்க, நான் பாக்குறேன்."

முதலில் சுவா சூ காங் காய்கறித் தோட்டங்கள் வரை போனோம். அங்கே தோட்டக்காரர்களே லாரி வைத்திருந்தார்கள். திரும்பும் வழியில் குவீன்ஸ்டவுனில் புதிய அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு எதிரே ஓரங்கட்டி இட்லியைப் பிரித்தோம். அவள் சாப்பிடாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அந்தக் கட்டடத்துல எல்லா ஜன்னல்லயும் மூங்கில்ல துணி காயுது. இதுல பாதி ஜன்னல் மொட்டையா இருக்கு. அங்கல்லாம் இனிமேதான குடி வரணும்? கட்டிலையும் பீரோவையும் தலையிலயா தூக்கிட்டு வருவாங்க?"

கை கழுவிய கையோடு கீழே இருந்த கோப்பிக்கடைக்குப் போய், புதிதாக வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று மலாயில் விசாரித்தேன். முக்கால்வாசிப் பேர் சைனாடவுன் என்றார் கடைக்காரர். லாரி கிடைக்காமல் கைவண்டியில் சாமான் தள்ளிக்கொண்டு வந்தவர்களும் உண்டாம்.

அடுத்த ஞாயிறு மனைவியோடு சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துச் சந்தில் லாரியை நிறுத்தினேன். வெகுநேரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் மரச்செருப்பு செய்யும் சீனர் ஒருவரும் அவர் மனைவியும் கூடைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி இறங்கிப் போனாள். அவளுக்குச் சீனமும் தெரியாது, மலாயும் அரைகுறை. லாரியைக் காட்டி, "குவீன்ஸ்டவுன்?" என்று மட்டும் கேட்டாள். அந்தச் சீன அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சாமானெல்லாம் ஏற்றி முடித்ததும்தான் அந்த அம்மா ஒரு மண் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கரி கனன்றுகொண்டிருந்தது.

"ஆப்பி மாத்தி, தா போலே," என்றார் என்னிடம் மலாயில். புது வீட்டுக்குள் முதலில் நுழைவது எரிகிற அடுப்பாக இருக்க வேண்டுமாம், வழியில் நெருப்பு அணையவே கூடாதாம்.

பலகை அடித்த லாரியில் நெருப்பா என்று நான் தயங்கி நின்றபோதே மழை கொட்டத் தொடங்கியது. சாமான்களின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினோம். செருப்புக்காரர் முன்னோர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாயின் அடியில் போய்ப் புகுந்துகொண்டார். அடுப்பை அங்கே வைக்க முடியாது.

"இங்க குடுங்க," என்று என் மனைவி சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள். ஒரு எனாமல் பேசினுக்குள் அடுப்பை வைத்து, பேசினை என் பக்கத்தில் கால் வைக்கும் இடத்தில் இறக்கினாள். இரண்டு பெண்களும் அதன் இருபுறமும் கால்களை ஒடுக்கி உட்கார்ந்தார்கள். ஒருத்தி விசிற, ஒருத்தி பேசினைப் பிடித்துக்கொள்ள, நான் இருமிக்கொண்டே ஓட்டினேன்.

பாதி வழியில் ஒரு முச்சந்தியில் மழைக்கோட்டுப் போட்ட மலாய் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். ஜன்னல் வழியாகப் புகை வருவதைப் பார்த்து, வண்டி தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். குனிந்து உள்ளே பார்த்தவருக்கு, கரி படிந்த இரண்டு முகங்களும் நடுவில் ஒரு அடுப்பும் தெரிந்தன. சீன அம்மா விசிறுவதை நிறுத்தாமலே விஷயத்தைச் சொன்னார்.

போலீஸ்காரர் சாலை நடுவே போய் நின்று, மற்ற வண்டிகளையெல்லாம் நிறுத்தி எங்களை முதலில் போகச் சொன்னார். அமைச்சர் காருக்குக்கூட அப்படி வழி கிடைத்திருக்குமா தெரியாது.

நாலாவது மாடிக்கு அந்த அம்மா அடுப்போடு முன்னால் ஏற, பின்னால் செருப்புக்காரர், அதற்குப் பின்னால் நாங்கள். கதவைத் திறந்து அடுப்பை நடுவீட்டில் வைத்ததும் ஊதிப் பார்த்தார். கரி சிவந்தது. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை என்றாலும் இவளும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமே அவருடைய தங்கை குடும்பம் எங்களைத் தேடி வந்தது. அப்புறம் அவர்கள் பக்கத்து வீடு, எதிர் வீடு. அடுப்பை அணையாமல் கொண்டுபோகிற இந்தியர் லாரி என்றே சந்துக்குள் பேச்சு. புது வீட்டு வாசலில் நுழையாத பெரிய பீரோக்கள் திரும்பும்போது எனக்குச் சரக்காகும். சுங்கை ரோட்டில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் அவற்றுக்காகக் காத்திருப்பார்கள். துறைமுக வரிசையின் பக்கம் நான் அதன் பிறகு போகவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற டிரைவரையும் கூப்பிட்டுக்கொண்டேன். இரண்டு லாரிக்கும் வேலை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியும் தவறாமல் வந்தாள். சாமான் இறக்குகிறவர்களுக்குச் சொல்வதற்காகக் கேன்டனீஸில் ஒரு சொல் கற்றுக்கொண்டாள். "மான் மான்" என்றால் மெல்ல, மெல்ல என்று அர்த்தம். இறக்குகிறவர்களிடம் அதை எப்போதாவதுதான் சொன்னாள். நான் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் என்னிடம் சொன்னாள்.