சித்திரையில் வெயில் தேடிய நாட்கள்

ஈஸ்டர் விடுமுறைக்குச் சற்று முன்பு, பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண்மணி தன் மிளகாய்ச் செடிகளை வேரோடு பிடுங்கினார். இனிக் குளிர்தான், காய் பழுக்காது என்பது அவருடைய கணக்கு. செடிகளில் எஞ்சியிருந்த பச்சைக் காய்களை ஒரு வாளி நிறையப் பறித்து, வேலிக்கு மேலால் என் மனைவியிடம் நீட்டினார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னின் வடக்குப் பக்கத்தில், கோபர்க்கில், ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் இருந்த நான், இங்கே ஓர் அச்சகத்தில் ஆங்கிலப் படிகளைப் பிழை திருத்த ஒப்புநோக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலின் மிச்சம் என்றார் மருத்துவர். ஈஸ்டர் கழிந்ததும் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்வதாக ஏற்பாடு. பெரும்பாலும் நன்றாக முடியும் என்றார். “பெரும்பாலும்” என்ற சொல்லை நானே எத்தனையோ செய்திகளில் போட்டிருக்கிறேன். எழுதுகிறவனுக்கு வசதியான சொல். மருத்துவரின் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டபோதுதான் அதில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்தது.

அதுவரை பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, உப்புச் சேர்க்கக் கூடாது. உப்புப் போத்தலை நான் அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டிருந்தேன்.

“இவ்வளவு மிளகாயையும் என்ன செய்யிறது?” என்று கேட்டேன்.

“மோர்மிளகாய் போடுவம். சித்திரை வெயில்தானே.”

“உப்பு. உமக்குத் தொடவும் ஏலாது.”

“எனக்கு ஆர் கேட்டது? உங்களுக்குத்தான். ஒரு வருசத்துக்கு வைச்சுச் சாப்பிடக் காணும்.”

அவள் காய்களைக் கழுவத் தொடங்கிவிட்டாள். அந்த ஒரு வருசத்தில் தானும் இருப்பேன் என்று செய்கிறாளா, தான் இல்லாமல் போனால் எனக்கு உதவட்டும் என்று செய்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் முடியவில்லை. கிரேக்கக் கடையில் தயிர் வாங்கி வந்தேன். அவள் கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு காயாகக் கீறித் தர, நான் உப்புத் தயிரில் போட்டுக் கலக்கினேன். உப்புப் போத்தலை நான் இறக்கியபோதும் திரும்ப ஏற்றியபோதும் அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மறுநாள் காலை, ஊறிய காய்களைத் தட்டில் பரப்பி, பின்வளவில் துணி காயப்போடும் கம்பிகளுக்குக் கீழே வைத்தோம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தட்டில் நிழல். கொஞ்சம் நகர்த்தினோம். நிழலும் பின்னால் வந்தது. எங்கள் வீடு வடக்குப் பார்த்த வீடு. இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். சித்திரையில் இன்னும் சாய்ந்து, கூரைக்குப் பின்னால் பதுங்கிவிடும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனாலும் சித்திரை என்றதும் உச்சந்தலையைச் சுடும் வெயில் ஒன்று எங்கள் இருவர் மனதிலும் இருந்தது. அதை நம்பித்தான் தட்டை வெளியே கொண்டுவந்தோம்.

“பேப்பரிலை இருந்த ஆள். சூரியன் எந்தப் பக்கம் எண்டு தெரியாதே?”

“பேப்பரிலை சூரியன் கிழக்கிலை உதிக்கும், மேற்கிலை மறையும். அதுக்கு மேலை ஒருத்தரும் கேக்கிறேல்லை.”

“நல்ல காலம், உங்கடை பேப்பரைப் பாத்து ஒருத்தரும் மிளகாய் காயப்போடேல்லை.”

வீட்டின் முன்னால், தெருவைப் பார்த்த புல்தரையில்தான் வெயில் இருந்தது. தட்டை அங்கே கொண்டுபோனோம். பறவைகள் வரும் என்று ஒரு கதிரை போட்டோம். பிறகு அவளைத் தனியே விட மனமில்லாமல் இன்னொன்று. சத்திரசிகிச்சையை முன்னிட்டு அச்சகத்தில் லீவு எடுத்திருந்தேன். இப்படித்தான் நாங்கள் இருவரும் தெருவுக்கு முகம் காட்டி, மிளகாய்த் தட்டுக்குக் காவல் இருக்கத் தொடங்கினோம்.

வெயில் ஒரு துண்டு. காலையில் படிக்கட்டின் அருகே கிடக்கும். பிறகு ரோசாச் செடிகளுக்கு நகரும். பின்னேரம் வேலியோரத்தில் ஒரு கீற்றாக மெலியும். நாங்கள் தட்டையும் கதிரைகளையும் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் போனோம். தூக்கியது நான்தான், எங்கே வைப்பது என்று சொன்னது அவள். சேலைக்கு மேல் என் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதங்களை மட்டும் வெயிலுக்குள் நீட்டியிருப்பாள். யாரோ பின்வளவில் இலை எரிக்கும் புகை மெல்ல வரும். எதிர்வீட்டு வானொலியில் கால்பந்து வர்ணனை ஓடும். அவ்வருடத்தின் முதல் மன்டரின் தோடம்பழங்கள் கடைக்கு வந்திருந்தன. அவள் உரித்து, சுளையின் வெள்ளை நாரையெல்லாம் எடுத்து, அதை வெயிலில் கொஞ்ச நேரம் பிடித்துச் சூடாக்கிவிட்டுத்தான் வாயில் போடுவாள். அப்படி ஒருவர் சாப்பிட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“உதிலை என்ன வித்தியாசம்?”

“சாப்பிட்டுப் பாத்திட்டுக் கேளுங்கோ.”

சாப்பிட்டேன். வித்தியாசம் இருந்தது.

நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வாசலில் நின்று தட்டைப் பார்த்தார். “என்ன விலை?” என்று கேட்டார்.

“விக்கிறதுக்கில்லை, காயவிடுறம்” என்றாள் என் மனைவி.

அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார், எங்களை ஒரு தடவை பார்த்தார். “இந்த மாதத்திலையா? அப்ப எனக்குத் தெரியாத வெயில் ஏதோ உங்களிட்டை இருக்குது” என்று சொல்லித் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். நான் உடனே எழுந்து நின்றேன்.

“இருங்கோ. சிரிச்சாலும் எழும்பி நிக்கிறார்.”

பெரிய வெள்ளியன்று மழை பிடித்தது. அடுத்த நாளும் விடவில்லை. குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தும் காய்கள் சுருங்காமல் தளதளவென்று கிடந்தன. ஒருவித மக்கல் மணம் வரத் தொடங்கியது. இத்தாலியப் பெண்மணி குடையோடு வந்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தார். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம், நாங்கள் பேசியது கொழும்பு ஆங்கிலம். ஆனாலும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டோம்.

“பெப்ரவரி!” என்றார், எங்களைக் கண்டிக்கிற குரலில். “பெப்ரவரியிலை காயவைக்கவேணும். நான் தக்காளி காயப்போடேக்கை நீங்கள் எங்கை? இப்ப சூரியன் வீட்டை போயிட்டுது. உது இனி வைக்கேலாது. ரெண்டு நாளிலை பூஞ்சணம் பிடிக்கும்.”

அவர் போன பிறகு என் மனைவி தட்டுக்கு முன்னால் அமர்ந்தாள். கை நெஞ்சில் இருந்தது.

“மூச்சு முட்டுதோ?”

“இல்லை.” ஒரு காயை நசுக்கிப் பார்த்து, “ஒரு வருசத்துக்கு எண்டு சொன்னனான்” என்றாள். “சொல்லியிருக்கக் கூடாது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வருசம் எனக்காகச் சேர்த்து வைத்தது மட்டுமல்ல, தனக்கும் சேர்த்துத்தான் அவள் கேட்டிருக்கிறாள். “மிளகாய்க்கு மழை தெரியுமே?” என்று ஏதோ சொன்னேன். அது மோசமான வாக்கியம். செய்தி மேசைக்கு வந்திருந்தால் வெட்டியிருப்பேன்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “எண்ணெய்ச் சட்டியை எடுங்கோ.”

“ஏன்?”

“வைக்கேலாட்டில் இப்பவே பொரிக்கிறது. வேறை என்ன?”

ஈரம் போகாத மிளகாயை எண்ணெயில் போட்டால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். எண்ணெய் வெடித்துத் தெறித்தது. புகை குசினியை நிரப்பி அறைகளுக்குள் ஓடியது. இருமிக்கொண்டே யன்னல்களைத் திறந்தேன், அவளைக் கையில் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தேன். இருமல் அவளுக்கு ஆகாது. அவளோ கண்ணில் நீர் வழிய, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண்மணி மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, மற்றக் கையில் ஒரு பாண் துண்டோடு ஓடிவந்தார். தீப்பிடித்ததென்று நினைத்தவர் பாணை ஏன் கொண்டுவந்தார் என்று இன்றுவரை தெரியாது.

பாதி கருகியும் பாதி வாடியும் ஒரு கோப்பை நிறைய வந்தது. சோறும் தயிரும் வைத்து நான் சாப்பிட்டேன். அவர் பாணோடு கடித்து, தன் மொழியில் எதையோ சொல்லி, இன்னொன்று எடுத்தார். என் மனைவி உப்பில்லாத பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்டு.”

“கூடாது.”

“ஒண்டே ஒண்டு.”

“டொக்டர் சொன்னவரெல்லே?”

விசயம் பிடிபட்டதும் பெண்மணி என்னைப் பார்த்தார். “டொக்டர் இஞ்சை இருக்கிறாரா? ஈஸ்டர். குடும்பத்தோடை எங்கையோ சொக்கிலேட் சாப்பிடுறார்.”

ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, சிறிய பாதியை அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தேன். அவள் அதை ஒரேயடியாக வாயில் போடவில்லை. நுனியில் ஒரு கடி. ஒரு வாய் சோறு. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் சும்மா இருந்தாள். பிறகு இன்னொரு கடி. வாரக்கணக்காக நான் அவளிடம் கவனித்ததெல்லாம் உதட்டின் நிறமும் கணுக்காலின் வீக்கமும் மூச்சின் ஓசையுந்தான். அன்று மத்தியானந்தான் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் ஒரு துளி வியர்வை. வலது கன்னத்தில் எண்ணெய். சந்தோசமான முகம்.

சத்திரசிகிச்சை நடந்த நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஆஸ்பத்திரியின் நடை ஓடையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்திருந்தேன், ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. பின்னேரம் மருத்துவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். வால்வு நன்றாகத் திறந்திருக்கிறது என்றார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். “வருடக்கணக்கில். எத்தனை என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்” என்றார். அவருடைய நேர்மை எனக்குப் பிடித்தது.

அவள் வீடு திரும்பியபோது தெருமரங்களில் பாதி இலை விழுந்திருந்தது. தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். முதலில் வாசல் வரை, பிறகு தெருமுனை வரை. ஒருநாள் காலை, பெரிய றோட்டு வரை போவோம் என்றாள். நிற்காமலே நடந்து போய்ச் சேர்ந்தாள். மூச்சு வாங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ட்ராம் தரிப்பிடத்து வாங்கில் இருவரும் அமர்ந்தோம். வாங்கில் வெயில் விழுந்திருந்தது.

பச்சை ட்ராம் ஒன்று வந்து எங்கள் முன்னால் நின்றது. கண்டக்டர் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏறேல்லையா?”

“இல்லை” என்றாள் அவள் ஆங்கிலத்தில். “நாங்கள் எங்கையும் போகேல்லை. சும்மா இருக்கிறம்.”

அவர் எங்கள் இருவரையும், வாங்கில் கிடந்த வெயிலையும் பார்த்தார். “குடுத்து வைச்ச ஆக்கள்” என்று சொல்லி மணிக்கயிற்றை இழுத்தார். ட்ராம் நகர்ந்தது. சில்லுகளுக்குக் கீழே காய்ந்த இலைகள் எழும்பி மறுபடி படுத்தன.

“வீட்டை போவமோ?” என்று கேட்டேன்.

“என்ன அவசரம்? அடுத்ததும் வரட்டும்.”