முன்னறைத் தரையில் ஒரு கதவு

புதுக்கோட்டைக் கடைவீதியில் பதினொரு கடைகள் ஒரே கட்டடமாக நிற்கின்றன. ஒரு கடையின் சுவர்தான் அடுத்த கடைக்கும் சுவர். ஒவ்வொரு கடைக்கு மேலும் ஒரு வீடு. தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள், செங்கல், சுண்ணாம்பு. எங்கள் தரைதான் கீழே இருப்பவருக்குக் கூரை. இரண்டு கடைகளுக்கு நடுவே, பூட்டிய அலமாரி என்று நினைத்து ஜனங்கள் கடந்துபோகிற ஒடுக்கமான கதவு ஒன்று உண்டு. அதுதான் எங்கள் வாசல். திறந்தால் பதினெட்டுப் படிகள், பதினோராவது படியில் வெடுக்கென்று ஒரு திருப்பம்.

அந்தத் திருப்பத்தின் அழகைப் பற்றி நான் ஓர் ஆண்டு மலரில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். கடைக்குரிய இடத்தில் ஒரு சாண்கூடத் திருடாமல் ஒரு குடும்பத்தையே மேலே ஏற்றிவிட்ட சாமர்த்தியம் என்று வியந்திருந்தேன். படுத்துக் கிடப்பவரை அதில் எப்படி இறக்குவது என்பது பற்றி நான்கு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை.

போன ஆடியில் ஒருநாள் காலை அம்மா அடுப்படியில் வழுக்கி விழுந்தாள். பக்கத்துத் தெரு டாக்டர் மூச்சு வாங்க ஏறி வந்தார். இடது கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்ததைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"இடுப்பெலும்புதாங்க. திருச்சிக்குக் கொண்டு போயிருங்க. ஆனா உக்கார வைக்கக் கூடாது, கால மடக்கக் கூடாது. அசைஞ்சா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். படுத்தபடியேதான் போகணும்."

ஆம்புலன்ஸில் ஒரு டிரைவரும் உதவியாளராக ஒரு பெண்ணும் வந்தார்கள். வெறும் ஸ்ட்ரெச்சர் செங்குத்தாக ஏறி வந்துவிட்டது. ஆளைப் படுக்க வைத்தால் அந்தத் திருப்பத்தில் திரும்பாது. அந்தப் பெண் படிக்கட்டைக் கையால் அளந்துவிட்டு வந்தாள்.

"கட்டில் பீரோவெல்லாம் எப்படி சார் ஏத்துனீங்க?"

"பால்கனி வழியாக் கயிறு கட்டி."

எட்டிப் பார்த்தாள். பால்கனிக்கு ஒரு முழம் தள்ளி, பிற்பாடு இழுத்த மின்கம்பிகள் போய்க்கொண்டிருந்தன. என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடந்தேன்.

"சும்மா அங்கிட்டும் இங்கிட்டும் நடக்காதடா. ஒன் புத்தக அலமாரிய நகட்டு" என்றாள் அம்மா, படுத்தபடியே.

"இப்ப எதுக்கும்மா அது?"

"நான் கல்யாணமாகி வந்தப்ப முன்னறை கீழ்க்கடைக்குக் குடோன். கடலை மூட்டையத் தரையில இருக்குற தொறப்பு வழியாத்தான் மேல இழுப்பாங்க. நீ தவழ ஆரம்பிச்சதும் ஒங்கப்பா பலகையப் போட்டு ஆணியடிச்சு மூடுனாக. அது மேலதான் நீ அலமாரிய நிறுத்தி வச்சிருக்க."

படிக்கட்டை ஆராய்ந்தவனுக்குக் காலடியில் கதவு இருந்தது ஐம்பது வருஷமாகத் தெரியவில்லை.

நானும் டிரைவரும் அந்தப் பெண்ணும் புத்தகங்களை அள்ளி எறிந்தோம். "எல்லாம் படிச்சாச்சா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். பொய் சொல்ல நேரமில்லை. இல்லை என்றேன். அலமாரியைத் தள்ளி, விரிப்பை உருவினால், ஐந்தடிக்கு மூன்றடியில் பலகை. டிரைவர் இரும்புக் கம்பியால் ஆணிகளை நெம்பத் தொடங்கினார்.

கீழே ரெடிமேட் கடை வைத்திருப்பவர் ஓடி வந்தார். "அண்ணே, சீலிங் மேல என்னமோ கொட்டுது." ஆடித் தள்ளுபடிக்காகப் போன வாரம்தான் வெள்ளைப் பலகையும் வட்ட விளக்குமாகக் கடைக்குப் புதுக் கூரை போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அம்மாவை எட்டிப் பார்த்தார்.

"எந்த எடம்ணே?"

காலால் தட்டிக் காட்டினேன். இறங்கிப் போனார். சற்று நேரத்தில் கீழே மடமடவென்று உடையும் சத்தம் கேட்டது. பலகையைத் தூக்கியபோது கிழிந்த சீலிங்குக்கு நடுவே அவர் முகம் தெரிந்தது. அக்கம்பக்கத்துக் கடைகளிலிருந்து மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மேசைமேல் நின்றிருந்தார்.

திறப்பைச் சுற்றியிருந்த மரச்சட்டத்தைச் செல் அரித்திருந்தால்? டிரைவர் அதன்மேல் ஏறி இரண்டு முறை மிதித்தார். "நிக்கும் சார்" என்றார். 'நிக்குது' என்று சொல்லியிருக்கலாம்.

அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, பட்டைகளால் இறுக்கினார்கள்.

"கடலை மூட்டையக்கூட இவ்வளவு இறுக்க மாட்டாங்கடி."

"கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா."

கால் பக்கம் முதலில் இறங்கியது. தலைமாட்டில் கட்டிய கயிறு டிரைவரிடமும் என்னிடமும். பேனாவைவிடக் கனமான எதையும் நான் பொறுப்போடு தூக்கியவனில்லை. பாதி இறங்கியபோது ஸ்ட்ரெச்சர் சரிந்தது. அம்மா சட்டத்தின் விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடும்மா."

"நீ விட்டுறாத."

"விடலம்மா."

ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.

"புடிச்சாச்சு, விடுங்கண்ணே" என்று கீழேயிருந்து குரல் வந்தது. என்னால் விட முடியவில்லை. அந்தப் பெண்தான் என் விரல்களைப் பிரித்தாள்.

படியில் ஓடி, திருப்பத்தில் தோளை இடித்துக்கொண்டு நான் தெருவுக்கு வருவதற்குள், கடைக்காரர் ஆம்புலன்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தாவ நான் பாத்துக்கிறேன். நீங்க முன்னால ஏறுங்கண்ணே."

வழியெல்லாம் பின்னாலிருந்து அம்மாவின் வசவு கேட்டுக்கொண்டே வந்தது. என்னை, டிரைவரை, ரோட்டை. கேட்கக் கேட்க எனக்கு மூச்சு சீரானது. கீரனூர் தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது.

நடுவிலிருந்த கண்ணாடியைத் தட்டினேன். கடைக்காரர் கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். தூங்குகிறாளாம். நம்பவில்லை. மறுபடி தட்டினேன். அந்தப் பெண் கண்ணாடியை நகர்த்தினாள்.

"அம்மா."

இடைவெளியில் முகத்தை நுழைத்தேன்.

"அம்மா."

"இப்பத்தான் வலி கொஞ்சம் அடங்கிக் கண்ணு சொருகுது. அது பொறுக்கலையா ஒனக்கு?"

திரும்பி உட்கார்ந்தேன். மாத்தூர் வருவதற்குள் இன்னும் இரண்டு முறை தட்டினேன்.