லேபிளின் பின்பக்கம் அம்மா வரைந்தவை

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுதும்படி தம்பி சொன்னபோது நான் மறுத்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் பேசவும் வராது.

"பேசத்தான வராது? எழுதுக்கா. நான் திருப்பதியில கெடந்தேன். அம்மாகூடவே இருந்துக்கினு இருந்தது நீதான" என்றான்.

அம்மா நாராயணவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எட்டாவது வரை படித்தார். திருமணமாகி சித்தூருக்கு வந்தபோது பதினெட்டு வயது. மாங்கூழை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, ஸ்டோரில் வேலை. மாம்பழ சீசனில் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். அம்மாவுக்கு அந்தத் தெருவில் ஒருவரையும் தெரியாது. ஒற்றை அறை வீடு, சில வருடங்களில் கைக்குழந்தையாகத் தம்பி, மூன்று வயதில் நான்.

அந்த வருடங்களில்தான் அம்மா படம் வரைந்தார். அச்சு பிசகிய டப்பா லேபிள்களை நைனா கட்டாகக் கொண்டுவருவார். ஒரு பக்கம் மாம்பழப் படம், மறுபக்கம் வெள்ளை. மதியம் நாங்கள் இருவரும் தூங்கும்போது அந்த வெள்ளைப் பக்கத்தில் எங்களையே பென்சிலால் வரைவார். ஏன் வரைந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"பாத்திரம் தேச்சா எழுந்துக்குவீங்க. அம்மில கைய வச்சா எழுந்துக்குவீங்க. பென்சிலுக்குத்தான் சத்தம் இல்ல. பேச்சுத் தொணைக்கும் ஆளில்ல, வேற இன்னா பண்றது?"

தம்பி ஆறாவது படிக்கும்போது நைனா இறந்துபோனார். அதே தொழிற்சாலையில் அம்மா சீசனில் பழம் நறுக்கப் போனார். மற்ற மாதங்களில் ரவிக்கை தைத்தார். எவரிடமும் கை நீட்டாமல் எங்களை வளர்த்தார். பென்சிலை அதற்குப் பிறகு தொடவே இல்லை.

இனி எழுதப் போவது தம்பிக்கும் தெரியாது.

தம்பி திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்த வருடத்துப் போகி. விடியலில் வாசலில் நெருப்பு மூட்டினேன். பழைய பாய், கிழிந்த முறம் எல்லாம் போட்டேன். பரணில் சணலால் கட்டிய ஒரு லேபிள் கட்டு இருந்தது. மேலே மாம்பழம் தெரிந்தது. மீந்துபோன லேபிள் என்று நினைத்து, பிரித்துப் பார்க்காமல் போட்டுவிட்டேன். பென்சில் கோடு அழியக்கூடாது என்று அம்மா படங்களைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார். சணல் எரிந்து தாள்கள் சுருண்டு புரண்டபோதுதான் பார்த்தேன். ஒன்றில் குழந்தையின் பாதம். ஒன்றில் காது. ஒன்றில் மூடிய கண்கள்.

நான் கையை நீட்டினேன். பின்னால் வந்து நின்ற அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உடுடி. போகில போட்டத எடுக்கக் கூடாது."

அந்த நெருப்பில்தான் குளிக்கத் தண்ணீர் வைத்திருந்தோம். அது காய்ந்ததும் என்னை மணையில் உட்காரவைத்து, சின்னப் பிள்ளைக்கு ஊற்றுவதுபோல் அம்மாவே தலைக்கு ஊற்றினார். ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். பிறகு அதே வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் அத்தனை வருடங்கள் இருந்தோம். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கடைசியாக அம்மா திருப்பதி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு மதியம் கேட்டேவிட்டேன்.

"அம்மா, அந்தப் படங்க எத்தினி இருந்திருக்கும்?"

அம்மா சிரித்தார். "ஒண்ணாவது முழுசா இருந்துச்சா? காது வரைஞ்சி முடிச்சா, மூக்குக்குப் போறதுக்குள்ள உன் தம்பி கத்துவான். நீ வாயத் தொறந்துக்கினு தூங்குவ. அத மட்டும் வரையாம உட்டேன், கட்டிக்கினு போற எடத்துல மானம் போவுமேன்னு."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பி கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நான்காம் நாள் அம்மா போய்விட்டார். அவரிடம் சொல்லாததை உங்கள் எல்லாருக்கும் முன்னால் எழுத்தில் சொல்கிறேன். அம்மா, அறியாமல் செய்தேன். மன்னித்துவிடுங்கள்.

சித்தூரிலிருந்து அம்மாவைப் படுக்கவைத்தபடி காரில் கொண்டுசேர்த்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், ஆஸ்பத்திரியில் என்னோடு முறைபோட்டு உட்கார்ந்த தம்பி மனைவிக்கும், காரியம் முடியும்வரை பத்து நாளும் சமைத்துப் போட்ட அத்தைமார்களுக்கும் எங்கள் நன்றி.

காரியத்தன்று புத்தூர்ப் பெரியம்மா ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் அம்மா அனுப்பிய கடிதம் ஒன்றில் ஒரு லேபிள் படமும் இருந்ததாம். எங்கே வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை. உங்களில் வேறு யாருக்காவது அப்படி வந்திருக்கலாம். பழைய பெட்டிகளை ஒருமுறை பாருங்கள். இருந்தால் எனக்குத் தர வேண்டாம், உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும். இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். நான் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.