உளிக்காரரின் காது

அந்த நீராலைக்கு அவர் முதலில் வந்தது கல் கொத்தத்தான். மாவரைக்கும் கல்லின் வரிகள் தேய்ந்தால் உளியால் மறுபடி கொத்திவிட வேண்டும். நாலு நாள் வேலைக்கு வந்தவர், ஆலைக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். முப்பத்தோரு வருடமாகியும் ஊருக்கு அவர் உளிக்காரர்தான்.

மாமனாரின் அப்பா கட்டிய ஆலை அது. வாய்க்கால் தண்ணீர் கீழே கிடக்கும் மரச்சக்கரத்தை அடித்துச் சுழற்றும். அதன் அச்சு தரையைத் துளைத்து வந்து மேற்கல்லைத் திருப்பும். அடிக்கல் அசையாது. மேலே தொங்கும் தொட்டியிலிருந்து தானியம் இறங்குவது நின்றால் கல்லோடு கல் உரசி, மாவு கருகிவிடும். உளிக்காரர் எதையும் எட்டிப் பார்க்க மாட்டார். எல்லாம் காதுதான். முதுகைக் காட்டி மூட்டை தைத்துக்கொண்டே, "தொட்டி காலியாகுது பாரு" என்பார்.

அறுவடை முடிந்த வாரம் கல்லின் சத்தம் மந்தமானது, கம்பளி போர்த்தியதுபோல. கல்லைத் தூக்கிக் கொத்தினார். அச்சுக்கு எண்ணெய் விட்டார். ஒன்றும் பலிக்கவில்லை.

மனைவி மாவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "பட்டு மாதிரி இருக்கு. கல்லுக்கு ஒண்ணும் இல்லீங்க!" ஆலைக்குள் எப்போதும் கத்தித்தான் பேச வேண்டும்.

"உனக்கென்ன தெரியும்? அடிக்கல் விரிசல் விட்டிருக்கு."

"பொறந்ததுல இருந்து இந்தக் கல்லோட இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மறுநாள் தொட்டி காலியாகிக் கல் கிறீச்சிட்டது. அவள்தான் ஓடிப்போய் மடையை அடைத்தாள். பக்கத்திலேயே நின்றவருக்கு அது கேட்கவில்லை. கெட்டது கல் அல்ல, காது! காது போனால் இங்கே அவருக்கு என்ன வேலை?

மனைவி கூட்டிப்போன டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஐயா, இது குறும்பியா, பிசைஞ்ச மாவா? ரெண்டு காதும் அடைச்சுக் கிடக்கு."

வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சியதும் உருண்டை உருண்டையாக வந்து விழுந்தது. வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதுகூடப் பளிச்சென்று கேட்டது. உளிக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. "போன உயிர் வந்துச்சும்மா," என்றார்.

திரும்பும் வழியில் மனைவி முணுமுணுத்தாள். "சக்கரம் மாதிரிதான் நீங்களும். தண்ணி விட்டாத்தான் ஓடுறீங்க."

"கேட்டுச்சு."

"கேக்கணும்னுதானே சொன்னேன்."

மடையைத் திறந்தார்கள். கல் சுழலத் தொடங்கியதும் உளிக்காரர் கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்டார். அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு தேங்கிக் கிடந்த ஏழு மூட்டைகளையும் இருவருமாகப் பொழுது சாய்வதற்குள் அரைத்து முடித்தார்கள்.