மூன்று நாளில் ஒரு புத்தகம்

எங்கள் பல்கலைக்கழக நூலகம் சொந்தமாகப் புத்தகம் வெளியிடப்போகிறது என்பதை நான் ஒரு கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்புக்கூட இல்லை. புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டதால் உள்ளே போய் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் நூலகர் அம்மா எழுந்து நின்று துணைவேந்தரிடம் பேசினார்.

"எழுத்து மாநாடு ஒண்ணு நடத்துறோம் சார். முடிச்ச கட்டுரையோட யாரும் வரக்கூடாது. பாதி எழுதுனதோட வரணும். இங்க உக்காந்து, ஒருத்தருக்கொருத்தர் படிச்சுப் பாத்துத் திருத்தி முடிக்கணும். மூணாம் நாள் சாயங்காலம் அது புத்தகமா நம்ம வலைத்தளத்துல இருக்கும். யார் வேணும்னாலும் காசில்லாமப் படிக்கலாம்."

"மூணாம் நாளேவா?" என்றார் துணைவேந்தர்.

"மூணாம் நாளே சார்."

வராந்தாவுக்கு வந்ததும் நான் மெதுவாகக் கேட்டேன். "மேடம், நம்மகிட்டப் பதிப்பகமே இல்லையே?"

"இப்பத் தொடங்கிட்டோம்ல. நீதான் அதைப் பாக்குற" என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

நான் அந்த நூலகத்தில் உதவி நூலகர். வில்லாபுரத்தில் வீடு. காலையில் இரண்டு பஸ் மாறி, நாகமலையின் நீண்ட முதுகு ஜன்னலோரம் கூடவே வர, அதன் அடிவாரத்துப் புதுக்கோட்டை தாண்டி வந்து இறங்குவேன். எத்தனையோ வருஷங்களாக அடுத்தவர் எழுதிய புத்தகங்களுக்கு எண் ஒட்டி அலமாரியில் ஏற்றியிருக்கிறேன். ஆய்வேடுகள் இருக்கும் மாடிக்குப் போனால் மட்டும் மனம் கனத்துவிடும். ஒவ்வொன்றும் ஒருவருடைய நான்கைந்து வருஷ உழைப்பு. பட்டம் வாங்கியதும் அதைக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு அதைத் தொடுவது தூசி தட்டுகிறவர் மட்டும்தான். அவை வெளியே போய் நாலு பேர் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அதனால் பயந்தேனே தவிர, மறுக்கத் தோன்றவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அவனியாபுரம் வரைக்கும் போய்விட்டேன்.

பதிப்பகத்துக்குப் பழைய இதழ்கள் அடுக்கியிருந்த ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கணினிப் பிரிவில் இருந்த அண்ணன் எனக்குத் துணை. அவருக்கு வயது முப்பதுதான், ஆனாலும் துணைவேந்தர் அலுவலகம் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'அண்ணே'தான். பக்கம் அமைப்பது, வலைத்தளத்தில் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அழைப்பு அனுப்பினோம். வேறு கல்லூரிகளிலிருந்துகூடக் கட்டுரைகள் வரத் தொடங்கின. மாநாட்டுக்கு முந்தின வாரம் நூலகர் அம்மா இன்னொரு குண்டைப் போட்டார்.

"நடத்துறவங்களும் எழுதணும். நீயும்தான்."

எனக்கு எழுத ஒரு விஷயம் இருந்தது. புத்தகத்தின் பெயர் தெரியாமல் வருகிறவர்கள் அதை எப்படிக் கேட்கிறார்கள் என்பது. "சிவப்பு அட்டைங்க, கொஞ்சம் குண்டா இருக்கும்." "போன வருஷம் அந்த மூலையில இருந்துச்சே, அது." "எங்க சார் பேச்சோட பேச்சாச் சொன்ன புக்கு." இப்படிக் கேட்டதையெல்லாம் அவ்வப்போது கணினியில் குறித்து வைத்திருந்தேன். ஆனால் இதெல்லாம் ஆராய்ச்சியா என்று சந்தேகம். அதனால் முன்னால் நூலகம் என்றால் என்ன, வாசகர் என்றால் யார் என்று நாலு பக்கத்துக்கு இலக்கணம் எழுதிச் சேர்த்திருந்தேன்.

முதல் நாள் காலையில் எல்லாரையும் ஜோடி சேர்த்தார்கள். எனக்கு வாய்த்தவள் கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண். சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அவள் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்து, பிறகு குத்தகைக்கு எடுத்து, இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். வந்து உட்கார்ந்ததும், "அக்கா, ஒங்களுத நான் படிச்சுட்டேன். சொன்னாக் கோவிச்சுக்கிருவீகளா?" என்றாள்.

"சொல்லு."

"சிவப்பு அட்டைன்னு வருதுல்ல, அங்கதான்க்கா ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி இருக்குற நாலு பக்கம் எதுக்கு? பாடப் புத்தகத்துல பாத்து எழுதுன மாதிரி இருக்கு."

பாடப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். நான் சிரித்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தப் பக்கங்கள் முழுவதையும் தேர்ந்தெடுத்து, என்னைப் பார்த்து, "அழிக்கவா?" என்றாள். நானே அழித்தேன். உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அவளுடைய கட்டுரை அவள் ஊர்க் கண்மாயில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பற்றியது. கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது ஊருக்குள் அறிவிப்புச் செய்வார்கள். சுற்றுப்பட்டி ஊர்களெல்லாம் விடியற்காலையில் கரையில் வந்து கூடும். பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும், மூங்கில் ஊத்தாக் கூடையும் வலையுமாக எல்லாரும் ஒரே ஓட்டமாகத் தண்ணீருக்குள் இறங்குவார்கள். பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். இப்பேர்ப்பட்ட விஷயத்தை அவள், 'மீன்பிடி நிகழ்வானது ஊர் மக்களால் நடத்தப்படுகிறது' என்று எழுதியிருந்தாள்.

"நீ இறங்கியிருக்கியா?" என்று கேட்டேன்.

"நானா? போன வருஷம்கூட ரெண்டு விரால் புடிச்சேன்க்கா. ஒண்ணு கையை விட்டு வழுக்கிப் போயி அடுத்தவுக ஊத்தாக்குள்ள விழுந்துருச்சு. அந்தாளு குடுக்க மாட்டேன்னுட்டாரு."

"அதை எழுது."

"எழுதலாமா?"

"நீ அங்க இருந்தேங்கிறது வேற எப்படித் தெரியும்?"

அவள் உடனே தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டாள். நான் மேலும் படித்துக்கொண்டு போனேன். 'சாதி, மத பேதமின்றி அனைவரும் பங்கேற்கின்றனர்' என்று ஒரு வரி. ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாளில் வரும் அதே வரி. ஏனோ அந்த இடத்தில் அவள் குரல் இல்லை என்று பட்டது.

"இது எப்பவுமே அப்படித்தானா?"

அவள் விரல்கள் நின்றன.

"இப்ப அப்படித்தான்க்கா. எல்லாரும் ஒண்ணாத்தான் இறங்குறோம். எங்கம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க தெரு ஆளுக கரையிலதான் நிக்கணுமாம். எல்லாரும் புடிச்சுட்டு ஏறுனதுக்குப் பெறகு, சேத்துல கெடக்குற பொடி மீனைப் பொறுக்கிக்கிறலாம். அம்மா பானையோட நின்னுச்சாம்."

"இதை எழுதலைன்னாலும் கட்டுரை தப்பில்ல. நீதான் முடிவு பண்ணணும்" என்றேன்.

மத்தியானம் அவள் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் திரும்பி வந்தபோது அந்த வரி இருந்த இடத்தில் ஒரு முழுப் பக்கம் இருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம்தான் இடி விழுந்தது. கட்டுரைகளையெல்லாம் ஒரே கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்த அண்ணன் என்னைக் கூப்பிட்டார். திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. பாதிப் பேர் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தார்கள். ஒவ்வொருவருடையதும் ஒவ்வொரு வகை.

"மாத்திப் போடுற மென்பொருள் இருக்கு. ஆனா அது முழுசாச் சரியா மாத்தாது" என்றார் அண்ணன்.

மாற்றிப் பார்த்தோம். தமிழ் வந்தது. ஆனால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருந்தன. பெண்கள் எல்லாரும் பேண்களாகியிருந்தார்கள். கெண்டை மீன் கேண்டை மீனாகியிருந்தது. ஒரு கட்டுரையில் எல்லா 'ர'வும் 'ற' ஆகிவிட்டது.

"இம்புட்டையும் நம்ம ரெண்டு பேரு பாத்து முடிக்க முடியாதும்மா" என்று அண்ணன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

நான் நூலகர் அம்மாவிடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எல்லாரையும் வாசிப்புக் கூடத்துக்கு வரச் சொல்லு. ஒருத்தர் பழைய எழுத்துருவுலயே அச்செடுத்த தாளைப் பாத்துச் சத்தமா வாசிக்கட்டும். அவங்க ஜோடி திரையைப் பாத்துத் திருத்தட்டும்."

"வாசிப்புக் கூடத்துலயா? சத்தமாவா?"

"பெரிய மேசை அங்கதான இருக்கு?"

அவரே முன்னால் போய், 'அமைதி காக்கவும்' என்ற பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கத் தமிழ் முழங்கியது. ஒரு மூலையில் வட்டார வழக்குச் சொற்கள், இன்னொரு மூலையில் ரயில்வே காலனி வரலாறு, நடுவில் எங்கள் கண்மாய். அவள் உரக்க வாசிக்க நான் கொம்புகளைத் திருத்திக்கொண்டே போனேன். விரால் வழுக்கிப் போன இடம் வந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு, "அப்புறம்? குடுத்தாரா இல்லையா?" என்று கேட்டார்கள்.

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு ஒருவன் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "அக்கா, 'மறபு'ன்னு இருக்கு. சின்ன 'ர' வரணும்" என்றான். பொதுத்தமிழ்த் தாளுக்குப் பிழைதிருத்தம் படித்துப் படித்து அவர்களுக்குக் கண் பழகியிருந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் அவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் அந்தக் கூடத்தை எத்தனையோ நாள் திறந்து பூட்டியிருக்கிறேன். ஒரு திருமண வீட்டைப் போல அது கலகலத்து நான் பார்த்தது அன்றுதான். தொண்டை வறண்டுபோய் எல்லாரும் தண்ணீர் குடித்த வேகத்தில் கேன் மேல் கேனாகக் காலியானது. வெயில் தாழ்வதற்குள் கடைசிக் கட்டுரையும் அண்ணன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. துணைவேந்தர் ஒரு பொத்தானை அழுத்த, திரையில் எங்கள் அட்டை வந்தது. நீல அட்டை. கீழே சின்னதாக 'நூலக வெளியீடு'. கைதட்டல் ஓய்வதற்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் போனில் திறக்கப் பார்த்ததால் வளாகத்து வைஃபை படுத்துவிட்டது. சிலர் சிக்னல் தேடி வாசலுக்கு ஓடினார்கள். அங்கிருந்து யாரோ, "வந்துருச்சு மேடம், எம் பேரு இருக்கு" என்று கூப்பிட்டார்கள். நானும் ஓடினேன். பொருளடக்கத்தில் என் பெயரைப் பார்த்தபோது, இதை நூலகப் பட்டியலில் ஏற்ற வேண்டியதும் நான்தானே என்று நினைப்பு வந்து, தனியாக நின்று சிரித்தேன்.

பிறகு அண்ணன், நான், அவள் மூவரும் வாசலுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். பஜ்ஜி சூடாக வந்த நேரம் அவளுக்குப் போன். ஊரிலிருந்து அவள் அண்ணன். கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏத்தா, படிச்சுட்டேன். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டிட்டேன்."

அவள் முகம் மாறியது. "அந்தப் பக்கத்தையுமாண்ணே?"

"எல்லாத்தையும்தான்."

அவள் மேலே எதுவும் கேட்பதற்குள் அவரே, "எழுதுனது சரிதான். நம்ம எழுதாம வேற யாரு எழுதப்போறா? இந்தா, அம்மா பேசணும்ங்குது" என்றார்.

அம்மாவின் குரல் நேரடியாக விஷயத்துக்கு வந்தது. "கரையில பானையோட நின்ன பிள்ளைன்னு எழுதியிருக்கியாமே. எம் பேரைப் போடலையா?"

"இல்லம்மா. ஆராய்ச்சிக் கட்டுரையில பேரு போட மாட்டாக. ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு..."

"எனக்கென்னடி சங்கடம்? நிக்க வச்சவுகளுக்குல்ல சங்கடம். போட்டிருக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, இனிமே சேக்க முடியுமா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, "அச்சடிச்ச புத்தகமா இது? அஞ்சு நிமிச வேலை. வாங்க" என்று முன்னால் நடந்தார். மூவரும் சாலையைக் கடந்து ஏறக்குறைய ஓடினோம். நூலகர் அம்மா காரில் ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன்.

"தாராளமாச் சேத்துருங்க. இரண்டாம் பதிப்புன்னு போட்டுக்குங்க. முதல் பதிப்பு ஒரு மணி நேரத்துல தீந்துபோச்சுன்னு நாளைக்குத் துணைவேந்தர்கிட்டச் சொல்லிக்கிறேன்" என்று சிரித்தார். அவரும் காரைவிட்டு இறங்கி எங்களோடு மேலே பதிப்பக அறைக்கு வந்தார்.

அண்ணன் கோப்பைத் திறந்து அந்த வரிக்குப் போனார். அவள் சொல்லச் சொல்ல அம்மாவின் பெயரைத் தட்டினார். "இனிஷியல் என்னம்மா?"

அவள் தன் அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இன்னும் துண்டிக்காத போனிலிருந்து அம்மா பேசினார்.

"எங்கப்பா எழுத்தைப் போடச் சொல்லு. கரையில நின்னப்ப எனக்குக் கல்யாணம் ஆகலை."